அடகுச் சீட்டும் ஆடவல்லான் கல்லும்

நடுவர் ஐயாவுக்கும் இரண்டு அணியினருக்கும், தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் பெருஞ்செல்வம் அன்று குவிந்த பொன்னும் மணியுமா, அதைக் கல்லில் வெட்டி வைத்த கணக்கா? நான் கணக்கின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பொன்னை அள்ளி அள்ளிக் கொட்டினார். விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம், அதன் மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு, பலமும் கழஞ்சும் அந்தக் காலத்து எடைகள், கொடுத்தது அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அண்ணா, அந்த அரைக் கழஞ்சு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? விமானத்தில் ஏறித் தராசில் வைத்துப் பார்த்தீர்களா? கல்வெட்டைப் படித்தீர்கள். பொன்னுக்காக வாதாட வந்தவரே எங்கள் அணியின் கணக்கைக் கடன் வாங்கித்தான் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறார்!

சரி, அதை விடுங்கள். போகிற போக்கில் அண்ணன் ஒன்று கேட்டார். "கணக்கு கணக்கு என்கிறீர்களே, கல்யாணப் பெண் கழுத்தில் அட்டிகைக்குப் பதிலாக அடகுச் சீட்டைக் கட்டி அனுப்புவீர்களா?" அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கல்யாணத்தில் எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சீட்டுதான்.

என் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு கோடை. அப்பாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. அம்மா பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த அட்டிகையை எடுத்தார். பாட்டி போட்ட சீர் அது. ஏழு சிவப்புக் கல். என்னையும் கூட்டிக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். கடைக்காரர் உரைகல்லில் தேய்த்தார், தராசில் வைத்தார், கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து ஒரு எடை சொன்னார். சீட்டு எழுதி நீட்டினார். அம்மா கையெழுத்துப் போடவில்லை.

"இதில் ஒன்று விட்டுப்போச்சு. வலது பக்கத்திலிருந்து மூன்றாவது கல்லில் விரிசல் இருக்கிறது. அதையும் எழுதுங்கள்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "குறை இருந்தால் மறைப்பார்கள் அம்மா. நீங்கள் எழுதச் சொல்கிறீர்களே?"

அம்மா சொன்னார்: "விரிசல் இல்லாத கல் உலகத்தில் ஆயிரம் இருக்கும். இந்த விரிசல் எங்கள் அட்டிகையில் மட்டும்தான் இருக்கும். நான் மீட்க வரும்போது எனக்கு இதுதான் வேண்டும்."

இந்த இடத்தை இன்னொரு முறை சொல்கிறேன், கடைசி வரிசைக்குக் கேட்கட்டும். கடனுக்குக் கை நீட்டி நிற்கிற ஒரு பெண், தன் நகையின் குறையைத் தானே சொல்லி, அதை எழுது என்கிறார். இன்னும் நூறு ரூபாய் கூட்டிக் கொடு என்று கேட்கவில்லை. விரிசலை எழுது என்றார்! அந்த மனிதர் பேனாவை எடுத்து எழுதும் வரைக்கும் கல்லாப் பலகை மேல் வைத்த கையை அம்மா எடுக்கவே இல்லை. விரல் நுனி மட்டும் லேசாக நடுங்கியது. அவ்வளவு பக்கத்தில் நான் நின்றேன்.

இப்போது பெரிய கோயிலுக்கு வாருங்கள். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு எடைக்கல், மணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்று ஒரு எடைக்கல். இறைவனின் பெயரையே எடைக்கல்லுக்கு வைத்திருக்கிறார்கள். கழஞ்சு, அதைவிடச் சிறிய மஞ்சாடி, அதைவிடச் சிறிய குன்றி எடை வரைக்கும் கணக்கு. அரக்கு உட்பட எடையா என்றுகூட எழுதியிருக்கிறது. அப்புறம் முத்துகள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று அழகு அழகாக வரும். கூடவே கறடு வரும், இரட்டை வரும், தோலிடந்தன வரும். கரடுமுரடானது, ஒட்டிப் பிறந்தது, மேல்தோல் பெயர்ந்தது! சக்கரவர்த்தி சாமிக்குக் கொடுத்த முத்தில் தோல் பெயர்ந்தது இருக்கிறது என்று அந்தச் சக்கரவர்த்தியின் கோயில் சுவரிலேயே வெட்டியிருக்கிறார்கள். எங்கள் அம்மா அந்தக் கல்வெட்டைப் படித்தவர் இல்லை. ஆனால் அதை வெட்டச் சொன்ன மனசும் அடகுக்கடையில் நின்ற மனசும் ஒன்றுதான்.

இதையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணையும் எப்படி இருக்கிறது? 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்கிறான். மற்றும் கொடுத்தார்! தன் பேரோடு ஊரார் பேரையும் ஒரே சுவரில் ஏற்றிய மன்னன் அவன்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார், கணக்கு சோறு போடுமா என்று. போட்டது ஐயா. அந்த அக்கன், அதாவது ராஜராஜனின் அக்கா குந்தவை, தம் தந்தை சுந்தர சோழருக்கும் தம் தாய்க்கும் அந்தக் கோயிலில் திருமேனி எழுந்தருளுவித்தார். படையல் நிற்கக் கூடாதே என்று முதல் பணத்தை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் அவர் தாய்க்கு அரிசியும் நெய்யும் வெற்றிலையும் வந்தன.

இன்றைக்கு நாம் போய்க் கும்பிட அந்தத் தாயின் திருமேனி அங்கே இல்லை. அன்று அடுக்கிய நகையும் இல்லை. ஒரு மகள் தன் அம்மாவுக்கு ஒருநாளும் பசிக்கக் கூடாது என்று நினைத்தது மட்டும் ஆயிரம் வருடமாகச் சுவரில் இருக்கிறது. போன மாதம் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் கல் சுட்டது. கையை எடுக்க மனசு வரவில்லை.

எங்கள் அட்டிகை மீளவில்லை. வட்டி ஏறி ஏலத்தில் போய்விட்டது. அம்மாவும் போய்விட்டார். அவர் கொடுத்த சீட்டின் பின்பக்கம் அவர் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. "மூணாவது கல் விரிசல், பாப்பா நாலு வயசில் திண்ணையில் போட்டது. பாப்பா கல்யாணத்துக்குள் மீட்கணும்."

மணி அடித்துவிட்டது, ஐயா. அண்ணா, நீங்கள் கேட்ட அடகுச் சீட்டு இதோ, என் கைப்பையில்தான் இருக்கிறது. வந்து ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள்.