கோட்டுக்கு வெளியே நிற்கிற நாம்

பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று நாம் கொடுக்கிற சத்தத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பந்து ஒரு பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு வருகிறது. "அடி!" என்கிறார் அப்பா. "பாஸ் கொடு!" என்கிறார் கோச். "திரும்பு, திரும்பு!" என்று இன்னொரு குரல். பிள்ளைக்குக் கிடைப்பதோ ஒன்றிரண்டு நொடி. அதற்குள் பந்தை அடக்க வேண்டும், எதிராளி எங்கே என்று பார்க்க வேண்டும், தன் அணியில் யார் தனியாக நிற்கிறார் என்று தேட வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது என்று தடுமாறும்போதே பந்து பறிபோகிறது. அப்புறம், "சொன்னேனே, காதில விழலையா?" என்று அதற்கும் திட்டு.

சில மாதம் இப்படியே போனால் என்ன ஆகும் தெரியுமா? பந்து வந்ததும் பிள்ளை தலை நிமிர்ந்து ஆட்டத்தைப் பார்க்காது. கோட்டுப் பக்கம் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், அதற்குச் சுயமாக முடிவெடுக்கும் பழக்கமே போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு இதைவிட வருத்தமான காட்சி மைதானத்தில் இல்லை.

அதனால், பந்து காலில் இருக்கும்போது யாரும் பேச வேண்டாம். பந்து வெளியே போனதும் கோச் மட்டும், பயிற்சியில் பழக்கிய சொல் ஒன்றைச் சொல்லலாம். புதுப் பாடம் நடத்தக் கூடாது. பெரியவர்களின் ஆட்டத்திலேயே, கோட்டோரம் அணிக்கென்று ஒதுக்கிய இடத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் உத்தி சொல்லலாம் என்பது விதி. கற்றுக்கொடுக்க ஆசையிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "நம்ம இடது பக்கம் ஏன் காலியா கிடக்கு?" அவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

தப்பு செய்த கையோடு ஆளை மாற்றாதீர்கள். தப்பு செய்தால் வெளியே என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அடுத்த முறை எதிராளியைத் தாண்டிப் போக முயலவே முயலாது. யார் எப்போது இறங்குவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் முதலில் தண்ணீர், மூச்சு. பிறகு பிள்ளைகள் பேசட்டும். கடைசியாக உங்கள் யோசனை, ஒன்றே ஒன்று.

பெற்றோர் எல்லோரும் ஒரு பக்கக் கோட்டில், கோச்சும் பெஞ்சும் எதிர்ப்பக்கத்தில் இருப்பது நல்லது. கோட்டிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கோலுக்குப் பின்னால் நிற்கவே கூடாது. கோல்கீப்பருக்கு நீங்கள் விடுகிற பெருமூச்சுகூடக் கேட்கும்.

நடுவர் விஷயம். சிறுவர் ஆட்டங்களில் விசில் ஊதுபவரே பல நேரம் பதின்ம வயதுக்காரர், அவரும் கற்றுக்கொண்டிருக்கிறார். 2019 முதல் கோச் போன்ற அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்ட விதியில் இடம் உண்டு. பெற்றோருக்கு அட்டை இல்லை. ஆகவே ஆட்டத்துக்கு முன்பே பெற்றோரில் நிதானமான ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். யாராவது நடுவரைப் பார்த்துக் கத்தினால், இவர் எதிரே போய் நின்று அதட்டக் கூடாது. கூட்டத்துக்கு முன்னால் அதட்டினால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். பக்கத்தில் போய், தணிந்த குரலில், "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று அழைத்துப் போகட்டும்.

வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தை அலசாதீர்கள். பிள்ளையாகப் பேச்செடுத்தால் காது கொடுங்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் மறுநாள் கேளுங்கள்: "நேத்து எது உனக்குப் பிடிச்சிருந்தது?" பதில் வந்த பிறகும் திருத்தம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள், அது கோச்சின் வேலை, அடுத்த பயிற்சியில் அவர் பார்த்துக்கொள்வார்.