எடை பார்த்தார்கள், உயரத்தை யார் பார்ப்பது?

[காட்சி: அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டு. எடை இயந்திரத்தில் 9 வயதுச் சிறுமி.]

ஆஸ்துமா முற்றி, மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் ஒரு சிறுமியைக் கொண்டுவருகிறார்கள். முதலில் எடை பார்க்கிறார்கள். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் குழந்தைகளுக்கு மருந்து கணக்கிடப்படுகிறது. உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

[காட்சி: கணினித் திரை. எடை: 52 கிலோ. உயரம் என்ற கட்டம் காலி.]

உயரம் தெரியாமல் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் பார்க்கும் எண், கணக்கிட முடியாது. அதே வயது, அதே பாலினக் குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணையில் 95-ஆவது சதமானக் கோட்டை (அட்டவணைக்கு அடிப்படையான நூறு குழந்தைகளில் 95 பேர் இதற்குக் கீழே இருப்பார்கள்) பிஎம்ஐ எட்டினால் அது உடல்பருமன். பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். வளரும் பிள்ளைகளிடம் கண் கணிப்பு அடிக்கடி பொய்த்துப்போகும்.

மருந்து விஷயத்திலும் இது முக்கியம். சில மருந்துகளை முழு எடைக்குக் கொடுக்க வேண்டும். சிலவற்றை அந்த உயரத்துக்கு உரிய எடைக்குத்தான் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தப் பட்டை கைக்குச் சிறிதாக இருந்தாலும், இல்லாத உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் காட்டும்.

[காட்சி: வருமான வாரியாக இரண்டு பட்டைகள்.]

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2017–2020 கணக்கின்படி, 2 முதல் 19 வயது வரையிலானவர்களில் சுமார் 1 கோடியே 47 லட்சம் பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, உடல்பருமன். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களில் 25.8 விழுக்காடு, வசதியான குடும்பங்களில் 11.5. ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), கறுப்பினக் குழந்தைகளிடம் நான்கில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது, வெள்ளையரிடம் 16.6 விழுக்காடு. பெற்றோரின் அலட்சியம் என்று இதை ஒதுக்குவது அநியாயம். காய்கறிக் கடை எட்டாத தெருக்கள், மாலையில் பிள்ளையை வெளியே விட அஞ்சும் பேட்டைகள், இரண்டு வேலை பார்க்கும் தாய்மார். ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்வதும் கறுப்பினக் குழந்தைகளிடையே மிகுதி. இரண்டு சுமைகளும் ஒரே படுக்கையில் வந்து சேர்கின்றன.

[காட்சி: சுவரில் உயரமானி. செவிலியர் சிறுமியின் காலணிகளைக் கழற்றுகிறார்.]

மூச்சு சீரானதும் குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளக்கலாம். நிற்க முடியாத பிள்ளையைப் படுத்த நிலையிலேயே அளக்கலாம். ஓரிரு நிமிட வேலை. எடையைப் பற்றிப் பேசும் முன் தாயிடமும் பிள்ளையிடமும் அனுமதி கேட்க வேண்டும். மாதக் கடைசியில் வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வருகிறதா என்றும் கேட்க வேண்டும். உடல்பருமனும் பசியும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு.

உடல்பருமன் தானாகச் சரியாகும் என்று வெறுமனே காத்திருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் தந்தது. 3 முதல் 12 மாதங்களில், உணவு, உடலுழைப்புப் பழக்கங்களை மாற்றக் குடும்பத்தோடு குறைந்தது 26 மணி நேரம் நேரில் பணியாற்றும் சிகிச்சையை அது பரிந்துரைக்கிறது. அத்தகைய மையங்கள் எல்லா ஊரிலும் இல்லை. காப்பீடும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எனவே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் “எடையைக் குறைக்கவும்” என்று எழுதினால் போதாது. பஸ்ஸில் போய்வரக்கூடிய மையம் எது, இவர்கள் காப்பீடு அங்கே செல்லுமா என்று சமூகப் பணியாளர் விசாரித்து, முதல் சந்திப்புக்கான தேதியையும் வாங்கித் தந்தே அனுப்ப வேண்டும்.