கிட்டாரின் கழுத்துக்கு ஏற்ற மரம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்கிட்டார் செய்யும் பட்டறை ஒன்றை நான் பினாங்கில், ஜெலுத்தோங்கில் நடத்தி வருகிறேன். பினாங்கு என்ற பெயரே பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது நீங்கள் அறிந்ததுதான். ஜெலுத்தோங் என்பதும் ஒரு மரத்தின் பெயரே. வெளிர்நிறமான, மென்மையான மரம் அது. உளியை வைத்தால் சவர்க்காரக் கட்டியைப் போல வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். தந்திகளின் இழுப்பைத் தாங்கும் வலு இல்லாததால், கிட்டாரில் தந்திகள் ஓடும் நீண்ட பகுதியான கழுத்தை அதில் நான் செய்வதில்லை. எனினும் புதிய வடிவம் ஒன்றை முதலில் செதுக்கிப் பார்க்க வேண்டுமென்றால் என் கை ஜெலுத்தோங் துண்டைத்தான் தேடும்.

பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் மரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். மஹோகனி இருக்கிறதா, மேப்பிள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் உடல், மஹோகனியின் மேல் மேப்பிள் பலகை ஒட்டியது. ஃபெண்டர் நிறுவனத்தார் தொடக்கத்தில் ஆஷ் மரத்தைப் பயன்படுத்திவிட்டு, 1956 முதல் பெரும்பாலான கிட்டார்களுக்கு ஆல்டர் மரத்துக்கு மாறினார்கள். அந்தக் கிட்டார்களின் புகழ் மரங்களின் மேலும் ஏறிக்கொண்டது. ஆனால் மின்கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப். அதாவது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது அச்சுருளில் மின்னோட்டம் எழுகிறது. வீணையின் குடத்தைப் போல மரம் இங்கே ஒலியைப் பெருக்குவதில்லை. உடல் மரத்தால் ஒலி எவ்வளவு மாறுகிறது என்பதில் வாசிப்பவர்களிடையே நெடுங்கால வாதம் உண்டு; மாற்றம் இருந்தாலும் அது சிறிது என்பதே என் கருத்து. கழுத்தின் கதை வேறு. அதனால்தான் யார் வந்தாலும் நான் கழுத்தைப் பற்றியே முதலில் பேசுகிறேன்.

ஆறு தந்திகளையும் சுருதி கூட்டி நிறுத்தினால், மொத்தம் ஏறத்தாழ 45 கிலோகிராம் இழுவிசை கழுத்தின் மேல் விழுகிறது. 10 கிலோ அரிசிப் பைகள் நான்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓயாத அந்த இழுப்பைத் தாங்குவது, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு மரத்துண்டு. உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி துணைக்கு இருக்கிறது. எனினும் மரம் முறுக்கிக்கொண்டால் அந்தக் கம்பியால் அதை நேராக்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கிய காலத்தில், தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு தம்பிக்குக் கிட்டார் செய்து கொடுத்தேன். பலகை பார்க்க உலர்ந்துதான் இருந்தது, நானும் அவசரப்பட்டுவிட்டேன். சில வாரங்கள் கழித்து அவர் வந்து, ஒன்றும் சொல்லாமல் கிட்டாரை என் கையில் கொடுத்தார். விரல்பலகையின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான மெட்டு ஒவ்வொன்றின் முனையும் அரம்போல் கீறியது. குளிரூட்டிய மண்டபத்தில் இருந்தபோது மரம் ஈரத்தை இழந்து அகலத்தில் சுருங்கியிருந்தது. உலோக மெட்டுகள் சுருங்கவில்லை. முனைகள் வெளியே நீட்டிக்கொண்டன. கழுத்தும் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கழுத்தை எடுத்துவிட்டு வேறு செய்து கொடுத்தேன். பழைய கழுத்து இன்றும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த மரத்தில் ஈரம் 15 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடும். கழுத்துக்கோ அது 10 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே பலகைகளுக்கிடையே குச்சி வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் மெழுகு பூசிக் காற்றில் உலர்த்துகிறேன். பிறகு ஈரம் குறைந்த அறைக்கு மாற்றுகிறேன். மாதந்தோறும் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் பலகையின் மேலேயே எழுதிவிடுவேன். எண் இறங்கிக்கொண்டே வரும். அறைக்குள் மூன்று மாதம் அதே எண் நின்றால்தான் இழைப்புளியை எடுப்பேன்.

உலர்த்தினால் மட்டும் போதாது, அறுத்த விதத்தையும் பார்க்க வேண்டும். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வளையங்கள் தெரிகின்றன அல்லவா? பலகையின் முனையிலும் அத்தகைய வளைவுகளைக் காணலாம். அவை படுத்திருந்தால் பலகை அகலவாக்கில் அதிகமாகச் சுருங்கும். நின்றிருந்தால் ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். நின்ற ரேகையுள்ள, நம் ஊர் மரமான நியாத்தோ பலகை ஒன்றும் படுத்த ரேகையுள்ள மஹோகனி பலகை ஒன்றும் ஒரே விலைக்குக் கிடைத்தால், கழுத்துக்கு நான் நியாத்தோவைத்தான் எடுப்பேன். மறுபடியும் சொல்கிறேன், மரத்தின் பெயர் பிறகு வரட்டும். எப்படி உலர்ந்தது, எப்படி அறுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; பட்டையைக் கீறி, வடியும் பாலை மங்கு என்ற கிண்ணத்தில் பிடிப்பார். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்து, ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். வைரம் பாயாத மரம்; அறுத்தவுடன் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் பற்றிக்கொள்ளும். முறையாக உலர்த்தினால், உறுதியான, திருகாணியை நன்றாகப் பிடிக்கும் மரம். அதில் ஒரு கிட்டார் உடல் செய்து, எண்ணெய் மட்டும் பூசி வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அம்மா அதை மடியில் வைத்து நெடுநேரம் தடவிப் பார்த்தார். “மங்கு கட்டின மரமாய்யா இது?” என்று கேட்டார்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கருங்காலி, ஈட்டி ஆகிய மரங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஈட்டி இனம் முழுவதும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததையும், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்ததையும் மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பூச்சைப் பற்றி ஒரே ஒரு செய்தி. மழை நாளில் லாக்கர் பூசாதீர்கள். காற்றின் ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சு பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். ஐப்பசியில் நான் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு, கழுத்துகளை மட்டுமே இழைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.