உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டின் பின்கட்டில் விறகும் தேங்காய் மட்டையும் கிடந்த சாய்ப்பில் இப்போது ஒரு பழைய லேத் ஓடுகிறது. இரும்பைக் கடையும் இயந்திரம். அதை மீட்ட கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பேட்டைப் பக்கம் மூடிக்கிடந்த பட்டறை ஒன்றைக் காலி செய்தபோது, பழைய இரும்புக்குப் போக இருந்ததை அதே கிலோ விலைக்குக் கேட்டு வாங்கினேன். நான்கரை அடி பெட், அதாவது மற்றப் பகுதிகளைத் தாங்கும் நீண்ட இரும்புத் தளம். மோட்டார் இல்லை, மோட்டார் பொருத்த இடமும் இல்லை. கூரையோரம் ஒரே ஷாஃப்ட் சுழல, அதிலிருந்து தட்டை பெல்ட் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் இழுத்த காலத்து வார்ப்பு அது. பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் விசையைக்கொண்டே பஞ்சாலை ஓட்டிய வட்டாரமல்லவா நம்முடையது! அந்த பெல்ட் ஓசையை அறிந்த பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

லேத் வந்து இறங்கிய அன்றே உப்புத்தாளோடு உட்கார்ந்துவிட்டேன். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்ற அவசரம். தெருமுனையில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஐம்பது ஆண்டு டர்னர் வேலை பார்த்தவர், வேடிக்கை பார்க்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார்வாள், உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அழுக்கை எடுங்கள், இரும்பை எடுக்காதீர்கள்.”

உப்புத்தாளில் இருந்து உதிரும் பொடி பெட்டுக்கும், வெட்டும் டூலைச் சுமந்து அதன் மேல் நகரும் சேடிலுக்கும் இடையில் புகுந்தால், அப்புறம் சேடில் நகரும் ஒவ்வொரு முறையும் அரம்போல் அறுத்துக்கொண்டே இருக்கும். அவர் சொன்னபடி மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பெட்டின் மேல் போட்டேன். ஒரு நாள் ஊறியதும் தாரைப் போல இறுகியிருந்த கறுப்புப் பிசுக்கை மூங்கில் சிம்பால் வழித்தேன்.

கடையும் பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கடைசி ஓர் அடியில்தான் அதைப் பார்த்தேன். சாம்பல் நிற வார்ப்பிரும்பின் மேல் பிறை பிறையாகச் சின்னத் தடங்கள், மீன் செதிலைப் போல வரிசை வரிசையாக. நீல மையைத் தடவி, சமதளத் தகட்டோடு ஒட்டிப் பார்த்து, மை பட்ட மேடுகளை மட்டும் உளியால் மெல்லச் சீவிச் சீவித் தளம் சேர்த்த கைவேலை. சீவிய மனிதர் யாரென்று தெரியாது. அவருடைய கை அப்படியே இருக்கிறது. கடையும் பொருளைக் கவ்விச் சுழற்றும் சக்குக்கு அருகே அந்தத் தடங்கள் இல்லை. எல்லா வேலையும் அங்கேயே நடப்பதால் அங்கேதான் பெட் தேய்கிறது. பழைய லேத் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம், அந்த இடத்தைப் பாருங்கள். சேடிலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளினால், ஓரிடத்தில் தளர்ந்து ஓரிடத்தில் இறுகும். அந்த வித்தியாசமே தேய்மானம்.

ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டாரைத் தனிச் சட்டத்தில் வைத்து பெல்ட் போட்டேன். அது பெரிய வேலையல்ல. அதிக நாள் பிடித்தது லேத்தை உட்காரவைப்பதுதான். நான்கு கால்களும் தரையைத் தொட்டால் போதாது, பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து, இரண்டு இடங்களில் வளையம்போல் மேடு விட்டு, டூலை மாற்றாமல் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவானால் பெட் முறுக்கவில்லை. வெளி முனை பருமனாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்தில் நாம் நிற்கும் ஓரத்துக் காலுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு. மறுபடி கடைந்து, மறுபடி அளக்க வேண்டும். எனக்கு 9 நாள் ஆனது. இரண்டு வளையங்களும் ஒரே அளவைக் காட்டிய மாலையில் அண்ணாச்சிக்குக் காபி கொடுத்தேன். அவர் மைக்ரோமீட்டரைத்தான் முதலில் கேட்டார்.

‘கடைதல்’ என்ற நம் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி இழுத்தால் மத்தும் சுழலும், கடைசல் மரமும் சுழலும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் வைத்து விளையாடியவர்களுக்கு அந்த வழுவழுப்பு விரல் நுனியில் நினைவிருக்கும்.

சேரன்மகாதேவி நண்பரின் கிணற்று எஞ்சினுக்கு நீளமான எம்10 ஸ்டட் ஒன்று, அதாவது 10 மில்லிமீட்டர் குறுக்களவில் மரை வெட்டிய தலையில்லாத கம்பி, தேவைப்பட்டது. அந்த நீளத்தில் கடையில் கிடைக்கவில்லை. அதன் மரைக்கு மரை தூரம் 1.5 மில்லிமீட்டர். என் லேத்தில் மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்குரூவோ அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு 8 மரை. பட்டறைப் பெட்டியில் எதற்கென்று புரியாமல் கிடந்த ஒரு பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணினேன்: 127. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127! சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் பக்கம் 60 பல், லீட் ஸ்குரூ பக்கம் 127 பல். போட்டால் துல்லியமாக 1.5 மில்லிமீட்டர். வகுப்பில் எத்தனை முறை அலகு மாற்றம் நடத்தியிருப்பேன்! அதைக் கையில் தூக்கி எடை பார்த்தது அன்றுதான்.

இப்படி மரை வெட்டும்போது சேடிலை லீட் ஸ்குரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். பழைய லேத்தில் சக் மரையில் முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும், திருப்பி ஓட்டும்போது அது கழன்றுவிடக்கூடும். ஆகவே மிக மெதுவாக. இளைஞர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: துண்டு, மோதிரம், கையுறை, நீளக் கை சட்டை எதுவும் லேத் அருகில் வேண்டாம். சக் சாவி சக்கில் இருக்கும்போது சுவிட்சில் கை போகக் கூடாது.

ஒவ்வொரு முறைக்கும் மயிரிழை ஆழமாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டம். கடைசியில் பிசிறைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நட்டை வைத்து விரலால் சுழற்றினேன். ஆட்டமில்லாமல் அடிவரை இறங்கியது. மறுநாள் காலை சேரன்மகாதேவியில் எஞ்சினைக் கிளப்பினோம். வாய்க்காலில் தண்ணீர் வந்தது.