கேத்தியில் பன்னிரண்டு ஆண்டுகள்
(குன்னூரில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையிலிருந்து)

மதமாற்றம் என்று பேச்செடுத்தாலே, மிஷனரிகள் கொடுத்து மாற்றினார்கள் என்று கோதுமை மூட்டையும் பால் பவுடரும் வந்துவிடுகின்றன. கொடுத்தால் மாறிவிடுவார்கள் என்பது உண்மையானால், நீலகிரியில் உள்ள நம் கேத்தி எப்போதோ மாறியிருக்க வேண்டும்.

1846இல் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ மிஷன் கேத்திக்கு வந்தது. காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி அதற்குத் தம் சொத்தை எழுதிவைத்தார். பள்ளிக்கூடம் நடந்தது. மெட்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி, நீலகிரி மலைமக்களான படகரின் மொழியைக் கற்றுக்கொண்டு ஹட்டி ஹட்டியாக, அதாவது அவர்களின் ஊர் ஊராக, நடந்தார். அப்படியும் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான்.

ஏன் இத்தனை தாமதம்? அந்நாளைய படகர் வீட்டுச் சாவுச் சடங்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். பாம்பைக் கொன்ற பாவம், எல்லைக்கல்லை நகர்த்திய பாவம்... சூழ்ந்து நிற்பவர்கள் 'பாவம்' என்று திருப்பிச் சொல்வார்கள். மொத்தம் ஆயிரத்து முந்நூறு பாவம் என்பது வழக்கு. எல்லாவற்றையும் ஒரு கன்றின்மேல் ஏற்றி அதை அவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கன்றை யாரும் வேலைக்குப் பூட்டக் கூடாது.

பாவத்தைச் சுமக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று பிரசங்கிப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? கிடைத்தும் பலிக்கவில்லை. காரணம், பாவத்தைச் சொல்லும் குரல் உறவுக்காரருடையது. மாறியவனின் பாடையருகே அந்தக் குரல் ஒலிக்குமா? அவன் பிள்ளைக்குப் பெண் கொடுப்பது யார்? பைபிளில் இதற்குப் பதில் தேடி என்ன பயன்? (காதலித்து மணந்தவர்கள் வீட்டிலும் இதே கேள்விதான் என்கிறீர்களா? சரிதான்.)

உறவே சேர்ந்து நகர்ந்தால் கதை வேறு. நாகாலாந்தில் 1951இல் கிறிஸ்தவர்கள் பாதிக்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேர். இதில் வேடிக்கை, அமெரிக்க மிஷனரிகள் 1950களிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். அதன்பின் பிரசங்கம் செய்தவர்கள் நாகர்களே. சித்தப்பாவும் மாமனும் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, மாறாமல் இருப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

அந்த 88 பேரில் வெள்ளைக்கார மிஷனரியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பால் பவுடர் கதை சொல்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.