தண்டவாளமா? சாக்கடையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்கள் வாழ்வைப் பெரிதும் மாற்றியது தண்டவாளமா, பாதாளச் சாக்கடையா? நான் சாக்கடையின் பக்கம். எதிரணித் தோழர் 1830-இல் திறந்த லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையைச் சொன்னார். ஊருக்கு ஊர் வேறாக ஓடிய கடிகாரங்களை ரயில் ஒன்றாக்கியது என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் கடிகாரம் பார்க்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே!

லண்டன் வீடுகளில் கழிவு விழுந்தது செங்கல் கட்டிய மலக்குழியில். இரவில் ஆள் வந்து அள்ளிப்போவார். பிறகு தண்ணீர் விடும் கழிப்பறை வந்தது. குழிகள் நிரம்பி வழிந்தன. 1815 முதல், மழைநீருக்கென்று கட்டிய வாய்க்கால்களில் வீட்டுக் கழிவையும் விட அனுமதித்தார்கள். அவை போய் விழுந்தது தேம்ஸில். பல கம்பெனிகள் குடிநீர் எடுத்ததும் அதே தேம்ஸில்தான்! கடல்நீர் ஆற்றில் ஏறும்போது வாய்க்காலின் வாய் முங்கிவிடும். போக வழியில்லாத கழிவு பள்ளத்து வீடுகளுக்குள் திரும்பி வரும்.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. பிராட் தெரு அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ கணக்கெடுத்துக் காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனாலும் கெட்ட காற்றே நோய் என்ற நம்பிக்கை போகவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நாறியபோது நாற்றத்தை அடக்க நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் (சலவைத்தூள்) நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன் பிறகே சாக்கடை கட்டப் பணம் வந்தது.

பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் ஆற்றுக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்கே, 82 மைல் பெருங்கால்வாய் கட்டினார். பழைய வாய்க்கால்கள் ஆற்றைத் தொடும் முன்பே இவை கழிவை வாங்கிக்கொண்டன. பல பகுதிகளுக்கு முட்டை வடிவம், குறுகிய முனை கீழே. ஏன் தெரியுமா? தட்டையான அடியில் நீர் பரந்து மெதுவாகப் போகும், மண்டி தங்கிவிடும். குறுகிய அடியில் கொஞ்ச நீரும் வேகமாக ஓடி அடித்துச் செல்லும். பெரிய கால்வாய்களுக்கு மைலுக்கு 2 அடி சரிவு போதுமானதாக இருந்தது. தாழ்வான பகுதிகளில் அந்தச் சரிவும் கிடைக்காது. அங்கே நீராவி எந்திரம் கழிவை மேலே ஏற்றியது. நீராவி, தண்டவாளத்துக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து இல்லை தோழரே!

இன்னொன்று, இந்தக் கால்வாய்களைக் கட்டிய போர்ட்லாண்ட் சிமெண்ட். தண்ணீருக்குள்ளும் இறுகும். ஆனால் சூளையில் பதம் தப்பினாலோ, கலக்கும்போது தண்ணீர் கூடினாலோ பலம் போய்விடும். அதனால் வந்த சரக்கில் மாதிரிக்கட்டி வார்த்து, 7 நாள் நீரில் ஊறவைத்து, இழுத்து முறித்துப் பார்த்தார்கள். அந்தக் கண்டிப்பால்தான் அந்தக் கால்வாய்கள் இன்றும் ஓடுகின்றன.

குறையும் உண்டு. கால்வாய்கள் போய் முடிந்த பார்க்கிங் (Barking), கிராஸ்னஸ் என்ற கிழக்குப் பகுதி இடங்களில் கழிவை அப்படியே ஆற்றில் விட்டார்கள். நாற்றம் கீழ்ப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 1887 முதல்தான் சேற்றைப் பிரித்துக் கப்பலேற்றிக் கடலில் கொட்டினார்கள்.

ஆனால் 1866-ஐப் பாருங்கள். லண்டனில் மறுபடி காலரா. பெரும்பாலும் எங்கே? கிழக்கு லண்டனில். அங்கே தாழ்மட்டக் கால்வாய் வேலை முடியவில்லை, லீ ஆற்றின் மாசு குடிநீர்த் தேக்கத்தில் கலந்தது. 5,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் கிழக்கு லண்டன் வழியாக பிளாக்வால் ரயில் 1840-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது, நடுவர் அவர்களே! அங்கே கழிவை மேலேற்றும் ஏபி மில்ஸ் நிலையம் 1868-இல் திறந்தது. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காலரா சூறையாடியபோதும் லண்டனில் அது பரவவில்லை.