நடைவண்டியைத் தள்ளுவது குழந்தைதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பேரன் பேத்திகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறு குழந்தைகளிடம் விடாமுயற்சியை வளர்ப்பது பெரியவர்கள் உடனே உதவுவதா, பொறுத்திருப்பதா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, உதவுவதே என்றார். குழந்தை தோற்றுத் தோற்று அழும்போது பார்த்துக்கொண்டிருப்பது கல்நெஞ்சம், அப்படி விட்டால் அது எதையும் தொடாமல் ஒதுங்கிவிடும் என்றார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் பேச்சு முழுக்க ஒரு நினைப்பு ஓடியது: குழந்தையிடம் விடாமுயற்சி கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும் என்று. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். குழந்தை அதைக் கொண்டுதான் வருகிறது. பாசத்தாலும் அவசரத்தாலும் நாம்தான் அதை வாங்கி வைத்துவிடுகிறோம்.

நடக்கப் பழகும் குழந்தையைப் பாருங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் படமெடுத்து, ஒவ்வோர் அடியையும் எண்ணினார்கள். 2012இல் வெளிவந்த கணக்கு இது: ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை விழுதல். மணிக்குப் பதினேழு தரம் கீழே விழவைக்கும் வேலைக்கு நீங்களும் நானும் மறுநாள் போவோமா? குழந்தை போகிறது. அதற்கு யார் வகுப்பு எடுத்தார்கள்?

நம் வீடுகளில் அதற்கென்றே ஒரு பொருள் இருந்தது, மூன்று சக்கரம் வைத்த மர நடைவண்டி. அது குழந்தையைச் சுமக்காது. எழுந்து நின்று, கட்டையைப் பிடித்து, தள்ளினால்தான் நகரும். ரொம்பச் சாய்ந்தால் வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை தொப்பென்று விழும். அப்புறம் எழுந்து, தவழ்ந்தாவது போய், மறுபடி வண்டியைப் பிடிக்கும். இன்று பல வீடுகளில் அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் வாக்கர் வந்துவிட்டது. நடுவில் துணி இருக்கை. உட்கார்ந்தபடி காலால் ஓர் உந்து உந்தினால் கூடம் முழுக்கச் சுற்றி வரலாம். சீக்கிரம் நடக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறோம். குழந்தை மருத்துவர்களோ, அது நடை பழக உதவாது, தாமதமாக்கவும் கூடும் என்கிறார்கள். படிக்கட்டில் வாக்கரோடு உருண்டு குழந்தைகள் அடிபட்டதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

எதிரணி கேட்கும் உதவி இந்த வாக்கரைப் போன்றது. நாங்கள் சொல்லும் பொறுமை நடைவண்டியைப் போன்றது. பொறுத்திருப்பது என்றால் குழந்தையைத் தவிக்கவிடுவது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நடைவண்டியைச் செய்து கொடுத்தவரும் பெரியவர்தானே? தள்ளும் வேலையை மட்டும் அவர் குழந்தைக்கே விட்டுவைத்தார்.

"நாம் செய்து காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்ளும்" என்றும் சகோதரி சொன்னார். அமெரிக்காவில் ஜூலியா லெனார்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் கடினமான புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சிலரிடமிருந்து பெரியவர் அதை வாங்கித் தானே முடித்துவிட்டார். வேறு சிலருக்கு வழி சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையாலேயே செய்யவிட்டார். பிறகு இன்னொரு கடினமான விளையாட்டுப் பொருளைக் கொடுத்தபோது, முதல் வகைக் குழந்தைகள்தான் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். "இது என்னால் ஆகிற வேலை இல்லை" என்று அந்தக் கை சொல்லாமல் சொல்லிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, பார்த்துக் கற்காதா என்றால், கற்கும். அதே லெனார்ட் 2017இல் பதினைந்து மாதக் குழந்தைகளிடம் கண்டது அது. ஒரு பொம்மையை டப்பாவிலிருந்து எடுக்கப் பெரியவர் திணறித் திணறி முயல்வதைப் பார்த்த குழந்தைகள், தங்கள் முறை வந்தபோது கூடுதலாக முயன்றார்கள். ஆகவே குழந்தை பார்க்க வேண்டியது நம் சாமர்த்தியத்தை விட நம் திணறலைத்தான். ஊசியில் நூல் கோக்க நான்கு முறை தவறுகிறீர்களா? குழந்தைக்குத் தெரியும்படி தவறுங்கள்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் ரோம் நகரில் 1907இல் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தார். ரோமில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கவனம் கலைகிறதா என்று பார்க்க, அம்மையார் சுற்றிலும் மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல்!

காலை எட்டு மணிக்கு வாசலில் வேன் ஹாரன் அடிக்கும்போது யாரால் பொறுக்க முடியும் என்று எதிரணி கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் ஷூவை நீங்களே மாட்டிவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மாலை ஆறு மணிக்கு எந்த வேனும் வருவதில்லையே? அப்போது அதே ஷூவைக் குழந்தையிடம் கொடுங்கள்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். போன மாதம் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை, காஜா இறுக்கம். பட்டன் நழுவிக்கொண்டே இருந்தது. கண் கலங்கி என்னைப் பார்த்தான். என் கை தானாக நீண்டது, உண்மையைச் சொல்கிறேன். நான் காஜாவை மட்டும் விரலால் கொஞ்சம் அகட்டிப் பிடித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தள்ளினான். இன்னொரு தரம். இன்னொரு தரம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பட்டன் உள்ளே போனது. என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் நிமிரவே இல்லை. போட்ட பட்டனைக் கழற்றிவிட்டு, என் விரலைத் தள்ளிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நடுவர் அவர்களே, அந்தப் பையனை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.